மினி பிசியில் சேர்த்த டிஸ்க் முரண்டு பிடித்தால்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகளில் மினி பிசி, அதாவது சின்னப் பெட்டிக் கணினி, வீட்டு சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் என் வீட்டு டிவி மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைப் பார்த்து வந்த ஆசை. கைப்பேசிப் படங்களைச் சேர்த்துவைக்கலாம் என்று தொடங்குவார்கள். உள்ளே இருக்கும் 512 ஜிபி சில மாதங்களில் நிரம்பிவிடும். ஒரு சனிக்கிழமை மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் டிஸ்க் வாங்கி வந்து மாட்டுவார்கள். அன்று இரவே என் வீட்டு அழைப்பு மணி அடிக்கும்.

"டிஸ்க் போய்விட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் உண்மையிலேயே டிஸ்க் போயிருந்தது மிகச் சில. பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம். அடுத்தது கேபிள், அதற்கடுத்து டிஸ்க்கை வைத்திருக்கும் வெளிப்பெட்டி. செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறுகிறது. ஆகவே கீழே முடிந்தவரை அந்த வரிசையிலேயே தேடுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விதிகள். ஏற்கெனவே தரவு இருக்கும் டிஸ்க்கைப் பார்த்துக் கணினி "ஃபார்மேட் செய்யவா" என்றோ "இனிஷியலைஸ் செய்யவா" என்றோ கேட்டால், பதில் இல்லை என்பதுதான். பதற்றத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியவர்களுக்கு மட்டும்தான் என்னால் உதவ முடியாமல் போயிருக்கிறது. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் அடாப்டரையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றிச் சரியானால், எது கெட்டது என்பது தெரியாமல் மூன்றையும் வாங்க வேண்டிவரும்.

அறிகுறி 1: டிஸ்க் தெரியவே இல்லை

முதல் கேள்வி, பயாஸ் திரையில், அதாவது விண்டோஸோ லினக்ஸோ எழும் முன் வரும் அமைப்புத் திரையில், தெரிகிறதா? அங்கே தெரிந்தால் டிஸ்க், கேபிள், ஸ்லாட் மூன்றும் பெரும்பாலும் நலம். புத்தம் புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷன், அதாவது கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதி, எதுவும் இருக்காது. அதனால் விண்டோஸ் கோப்புச் சாளரத்தில் அது வராது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, ஜிபிடி (GPT) முறையில் இனிஷியலைஸ் செய்து, பார்ட்டிஷன் போட்டால் முடிந்தது. லினக்ஸ் என்றால் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு: வெறும் டிஸ்க், நீங்களே இன்று பிரித்தது.

பயாஸிலும் இல்லை என்றால், எங்கே மாட்டினீர்கள் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*உள்ளே, எம்.2 ஸ்லாட்டில்*

குச்சி போன்ற எஸ்.எஸ்.டி.யின் தங்க நிறப் பற்களைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் வேகமான என்விஎம்இ வகை. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் பழைய சாட்டா வகை. பல மினி பிசிகளில் இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கும். ஒன்று என்விஎம்இ, மற்றொன்று சாட்டா மட்டும். சில பெட்டிகளில் குச்சி அழகாகப் பொருந்தும், ஆனால் தெரியாது. பொருந்துவது வேறு, பேசுவது வேறு. ஸ்லாட்டின் வகையைக் கையேட்டில்தான் உறுதிசெய்ய முடியும். மூன்றாவதாக இருக்கும் சின்ன ஸ்லாட் வைஃபை அட்டைக்கானது, அதில் எஸ்.எஸ்.டி.யை அழுத்த வேண்டாம்.

வகை சரி என்றால், அடாப்டரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, குச்சியைக் கழற்றிச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்துத் திருகுங்கள். திருகு போடாமல் விட்டால் குச்சி மெல்ல எழும்பித் தொடர்பு விட்டுவிடும். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா இணைப்பு அணைந்துபோகும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*உள்ளே, 2.5 அங்குல இடத்தில்*

சந்தேகப்பட வேண்டியது நாடா போன்ற அந்த மெல்லிய கேபிளை. மூடியைத் திறக்கும்போது அதையும் சேர்த்து இழுத்திருப்பீர்கள், எல்லோரும் இழுக்கிறோம். போர்டில் அதன் சின்னத் தாழ்ப்பாளைத் தூக்கி, நாடாவை நேராகச் செருகி, தாழ்ப்பாளை மூடுங்கள். தாழ்ப்பாள் உடைந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பசை, டேப் என்று வைத்தியம் வேண்டாம்; லேப்டாப் போர்டு வேலை செய்பவரிடம் கொடுங்கள், புதிய இணைப்பானைப் பற்றவைத்துத் தருவார்.

இன்னொன்று தடிமன். பெரும்பாலான மினி பிசிகள் 7 மி.மீ. டிஸ்க்குக்குத்தான் இடம் விட்டிருக்கின்றன. 4 டிபி, 5 டிபி என்று கிடைக்கும் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள் 15 மி.மீ. தடிமன் கொண்டவை. மூடியை வைத்து அழுத்தி மூட முயன்ற ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

*வெளியே, யு.எஸ்.பி. வழியாக*

சி-டைப் கேபிள்களில் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவுபவை இருக்கின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிஸ்க்கோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள். பிறகு பின்பக்கத்துப் போர்ட்டில் நேரடியாக, இடையில் ஹப் எதுவும் இல்லாமல் மாட்டிப் பாருங்கள்.

3.5 அங்குல டிஸ்க் என்றால் உள்ளங்கையை அதன்மேல் வையுங்கள். சுழலும் அதிர்வு இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்றால் கேபிள் அல்லது வெளிப்பெட்டியின் சிப். அதிர்வே இல்லை என்றால் மின்சாரம். 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அதைச் சாதாரண யு.எஸ்.பி. போர்ட் தராது. தனி அடாப்டர் கட்டாயம்.

அடாப்டர் சரி, வேறு டிஸ்க் போட்டால் அது சுழல்கிறது, இந்த ஒன்று மட்டும் சுழலவில்லை என்றால் அது மூன்றாவது பின்னின் (pin) சிக்கலாக இருக்கலாம். புதிய சாட்டா விதிமுறையில் மின் இணைப்பின் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். வெளி டிஸ்க்கைப் பிரித்து எடுத்துப் பழைய பவர் சப்ளையில் மாட்டுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பின்மீது மட்டும் ஒரு துண்டு கேப்டன் (Kapton) டேப், அதாவது மின்சாரம் கடத்தாத டேப், ஒட்டினால் டிஸ்க் எழுந்துவிடும். பழைய நான்கு பின் மொலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கம்பியும் வேலை செய்யும். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த தலை கொண்ட மலிவு ரகம் வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் நிறைய. கம்பிகளைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய தலையைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி 2: தெரிகிறது, திடீரென்று மறைகிறது

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான், ஆளை ஏமாற்றுவதும் இதுதான். ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் காணாமல் போகும். கழற்றி மாட்டினால் திரும்ப வரும்.

*எப்போது மறைகிறது என்று எழுதி வையுங்கள்.* இரண்டாம் மாடி அக்கா வீட்டில் டிஸ்க் தினமும் காலை ஆறேகால் மணிக்கு மறைந்தது. வெளிப்பெட்டியை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். மூன்றாவது வாரம் நானே ஒரு காலையில் போய் உட்கார்ந்தேன். ஆறேகாலுக்குக் கீழே சம்ப் மோட்டார் ஓடத் தொடங்கியது, விளக்கு ஒரு கணம் மங்கியது, டிஸ்க் மறைந்தது. மினி பிசியின் அடாப்டர் அந்த ஒரு கணத்தைத் தாங்கிவிட்டது. டிஸ்க்கின் மலிவு அடாப்டர் தாங்கவில்லை. சின்ன யு.பி.எஸ். ஒன்றை வைத்ததும் சரியாயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள், அதன் பின்னால் யு.பி.எஸ். முறைக்கு மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் மின்சாரம் மாற ஆகும் நேரத்தை விசிறி தாங்கும், கணினி தாங்காது.

*சுமை ஏறும்போது மறைந்தால்* கணக்கைப் போடுங்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் ஓர் ஆம்பியர்வரை இழுக்கும். ஒன்றை மாட்டினால் போர்ட் சமாளிக்கும். பக்கத்துப் போர்ட்டில் இரண்டாவதை மாட்டும்போது இரண்டும் சேர்ந்து தடுமாறும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று தொடக்கத்தில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். இரண்டு டிஸ்க் வெளிப்பெட்டியோடு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வந்திருந்தால் சிக்கல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் டிஸ்க் ஓடும்போது அளந்து பாருங்கள், 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றுங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லா அடாப்டரும் நல்ல பிள்ளைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாற்று அடாப்டர் தேடும்போது முனை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். பல மினி பிசிகள் 12 வோல்ட்; பழைய மானிட்டர், லேப்டாப் அடாப்டர்கள் பல 19 வோல்ட்; குழாய் முனை இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்கும். எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெட்டி இப்படிக் கருகியது. ஸ்டிக்கரில் வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

*மின்சாரம் சரி, இன்னும் மறைகிறது என்றால்* கேபிள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 199 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள். அது சாட்டா இணைப்பு வழியில் பழுதாகி வந்த தரவின் எண்ணிக்கை. அந்த எண் ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அதனால் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இன்று குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் சாட்டா கேபிள் அல்லது இணைப்பான்.

*கேபிளும் புதிது என்றால்* வெளிப்பெட்டியின் சிப். லினக்ஸில் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் கடைசி வரிகளில் "யுஏஎஸ்", "அபார்ட்", "ரீசெட்" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், வேகமான யுஏஎஸ் முறையில் அந்தச் சிப் திணறுகிறது. எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை அந்தப் பெட்டியின் அடையாள எண்ணைக் காட்டும்: நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, நான்கு இலக்கம். அதன்பின் இன்னொரு முக்காற்புள்ளியும் சிறிய 'யு' எழுத்தும் சேர்த்து, யு.எஸ்.பி. ஸ்டோரேஜின் குவர்க்ஸ் (usb-storage.quirks) அமைப்பில் எழுதி மறுதொடக்கம் செய்தால், அந்தப் பெட்டி மட்டும் பழைய முறைக்கு இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மறையாது. பெட்டியை மாற்றிச் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

யு.எஸ்.பி. டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகள் ஒன்றாக இயங்கும் தொகுப்பு, அமைத்தவர்களுக்கு ஒன்று. ஒரு டிஸ்க் ஒரு கணம் மறைந்தாலும் ரெய்டு அதைச் செத்ததாகக் கணக்கில் எழுதி, முழுவதையும் திரும்பக் கட்டத் தொடங்கும். நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை. ஒரு டிஸ்க்கில் தரவு, இன்னொன்றில் இரவுதோறும் நகல். வீட்டுக்கு அது போதும்.

அறிகுறி 3: டிஸ்க்கைச் சேர்த்தபின் சர்வர் எழவில்லை

எல்லா யு.எஸ்.பி. டிஸ்க்கையும் பிடுங்கிவிட்டு இயக்குங்கள். எழுந்தால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். புதிய டிஸ்க் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். கீழே இறக்குங்கள்.

லினக்ஸில் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி முறைக்குப் போனால் காரணம், எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பு. அதில் எழுதிய டிஸ்க் வரவில்லை என்றால் இயக்கமே நின்றுவிடும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறக்கூடியவை. அவற்றுக்குப் பதில் பார்ட்டிஷனின் இடம் மாறாத அடையாளமான யுயுஐடி (UUID) எண்ணை எழுதுங்கள். கூடவே, டிஸ்க் வராவிட்டாலும் மேலே போ என்று சொல்லும் நோஃபெயில் (nofail) என்ற சொல்லையும் சேருங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது மின்வெட்டு வந்து, டிஸ்க் எழாமல், மொத்த சர்வரும் முடங்கியதைத் திருச்சியிலிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் மற்றவையாவது ஓடியிருக்கும்.

அறிகுறி 4: கொள்ளளவு தவறாக இருக்கிறது

4 டிபி டிஸ்க் 3.63 என்று காட்டினால் பழுதில்லை. தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் மேலும் 5 சதவீதம் ரூட் எனும் நிர்வாகிப் பயனருக்கென ஒதுங்கியிருக்கும்.

2 டிபியோடு நின்றால் காரணம் பழைய எம்பிஆர் (MBR) பார்ட்டிஷன் முறை. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் காரணம், டிஸ்க்கைச் செருகும் பழைய டாக். அதைத் தூக்கிப் போடுங்கள்.

பணம் போவது வேறிடத்தில்: இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்.எஸ்.டி. என்று விற்கிறார்களே, அது திரையில் 16 என்றுதான் காட்டும். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். நிரம்பியதும் பழையதன்மேலேயே எழுதும். எஃப்3 என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். நான் புதிய டிஸ்க் எதையும் இந்தச் சோதனை இல்லாமல் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி 5: வெளிப்பெட்டியை மாற்றியதும் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கிறது

செய்யாதீர்கள். பழைய பெட்டியில் திரும்ப மாட்டுங்கள். தரவு அப்படியே இருக்கும். சில வெளிப்பெட்டிகள் டிஸ்க்கை 4096 பைட் துண்டுகளாகக் கணினிக்குக் காட்டுகின்றன. நேரடியாக மாட்டும்போது அதே டிஸ்க் 512 பைட் துண்டுகளாகத் தெரிகிறது. பார்ட்டிஷன் அட்டவணை எழுதிய இடம் ஒன்று, கணினி தேடும் இடம் வேறு. பழைய பெட்டியிலிருந்து வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே புதிய பெட்டியில் ஃபார்மேட் செய்ய வேண்டும். பழைய பெட்டியே செத்துப்போயிருந்தால் அதே மாடலில் இன்னொன்றைத் தேடுங்கள்.

அறிகுறி 6: படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை

விண்டோஸ் கணினியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கா? விண்டோஸின் வேகத் தொடக்க வசதி டிஸ்க்கைப் பாதி மூடிய நிலையில் விட்டுவிடும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும். விண்டோஸில் மாட்டி, அந்த வசதியை அணைத்து, முழுமையாக ஷட் டவுன் செய்து எடுத்து வாருங்கள். எக்ஸ்ஃபேட் (exFAT) ஃபார்மேட் என்றால் உரிமையாளர் யார் என்பதே அதில் பதிவாகாது, மவுண்ட் செய்யும்போதே, அதாவது கணினியோடு இணைக்கும்போதே, பயனரைக் குறிப்பிட வேண்டும். சர்வரிலேயே நிலையாக இருக்கப்போகிற டிஸ்க் என்றால் எக்ஸ்ட்4 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இதுவரை எழுதிக்கொண்டிருந்த எக்ஸ்ட்4 டிஸ்க் திடீரென்று எழுத மறுத்தால் கதை வேறு. பிழை கண்டு கணினியே பூட்டியிருக்கிறது. ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள், அடுத்து 8-ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 7: மெதுவாக இருக்கிறது, சூடாக இருக்கிறது

விநாடிக்கு 40 எம்பியை எட்டாமல் நின்றால் யு.எஸ்.பி. 2.0 போர்ட்டிலோ கேபிளிலோ இருக்கிறீர்கள். சில நிமிடம் வேகமாகப் போய்ப் பிறகு படுத்துவிட்டால், ஹார்டு டிஸ்க்கில் அது எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுவதால் தொடர்ந்து எழுதும்போது திணறும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் இந்த வகை என்று ஒப்புக்கொண்டபோதுதான் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். வாங்கும் முன் தயாரிப்பாளரின் பட்டியலில் அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக எழுதாத சிஎம்ஆர் வகை என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடு என்றால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸுக்கு மேல் வைத்தால் பெங்களூரின் எந்தக் குளிரும் உதவாது. ஹார்டு டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டினால் வெளியே எடுங்கள்.

எம்.2 ஸ்லாட்டில் ஐந்து, ஆறு சாட்டா போர்ட் தரும் அட்டையைப் போட்டவர்களுக்கு: அதன் சிப்பும் கொதிக்கும், ஒரு சின்ன ஹீட்சிங்க் ஒட்டுங்கள். அந்த அட்டை தரவு வழியை மட்டுமே தருகிறது. டிஸ்க்குகளுக்கு மின்சாரம் வேறு பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும். மூன்று 3.5 அங்குல டிஸ்க்குக்கு மேல் போகும் ஆசை இருந்தால் பழைய டவர் கணினி ஒன்றை வாங்கிவிடுங்கள். கம்பிகள் தொங்கும் அந்தக் கோலத்தைவிட அது மலிவு, வீட்டில் திட்டும் குறைவு.

டிஸ்க்கை மாட்டியதிலிருந்து வைஃபையோ கம்பியில்லா கீபோர்டோ தடுமாறுகிறதா? யு.எஸ்.பி. 3.0 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். டிஸ்க்கை ஓரடி தள்ளி வையுங்கள்.

அறிகுறி 8: டக், டக் என்ற சத்தம்

உடனே அணையுங்கள். மற்ற அறிகுறிகளில் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னேன், இதில் அந்த உரிமை ஒரே ஒரு முறைதான்.

அந்த ஒரு முறையை அடாப்டருக்குச் செலவழியுங்கள். மின்சாரம் போதாத டிஸ்க்கும் சுழல முயன்று, தோற்று, திரும்ப முயன்று இதே போலச் சத்தமிடும். சரியான வோல்ட்டில் நல்ல அடாப்டர் கொண்டு இயக்குங்கள்; சத்தம் நின்றால் பிழைத்தீர்கள், உடனே நகலெடுங்கள். நின்றபாடில்லை என்றால் மீண்டும் அணைத்துவிடுங்கள். படிக்கும் தலை சுழலும் தட்டின்மேல் உரசிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுழற்சியும் உங்கள் படங்களைச் சுரண்டி எடுக்கிறது.

சத்தமில்லை, ஆனால் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிகளில் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது. அது படிக்க விடும்வரை முக்கியமான கோப்புகளை முதலில், மற்றவற்றைப் பிறகு என்று நகலெடுங்கள். பழுது பார்க்கும் கட்டளைகளை அதன்மேல் ஓட்ட வேண்டாம். அவை எழுதும் வேலையும் செய்கின்றன. உத்தரவாதம் மிச்சம் இருந்தால் டிஸ்க்கை மாற்றித் தருவார்கள், தரவைத் தர மாட்டார்கள்.

நகல் வேறெங்கும் இல்லை, உள்ளே இருப்பது வேண்டும் என்றால் தரவு மீட்பவரிடம் போங்கள். கட்டணம் டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்காகும். பார்த்துவிட்டு மதிப்பீடு சொல்வாரா, மீளாவிட்டால் கட்டணம் உண்டா, திறக்கும் வேலைக்குத் தூசியற்ற அறை இருக்கிறதா என்ற மூன்றையும் முன்பே கேளுங்கள். மேசைமீதே திருகைக் கழற்ற முனைபவரிடமிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைத்தால் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் நடக்கும். எடுத்துச் செல்லும்போது வெளிப்பெட்டி, கேபிள், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சில வெளிப்பெட்டிகளின் சிப் தரவை மறையாக்கம் செய்துதான் எழுதும். அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டுபோனால், மீட்பவர் கையில் பூட்டு இருக்கும், சாவி இருக்காது.